காசு கேட்காத நாற்காலி

ஜெமோவித் இரவு டிராம் ஓட்டுகிறவன்.
காலை ஆறரைக்கு வந்து
பூட்ஸைக் கழற்றுவதற்குள் பாதி உறங்கிவிடுவான்.
எங்கள் வீடு ஒரே அறை.
நான் தட்டச்சு செய்யும் ஓசை
அவன் கனவுக்குள் மழையாகப் பெய்கிறதாம்.
முதல் வாரம் அதைக் காதலோடு சொன்னான்.
இரண்டாம் வாரம்
தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு.

அதனால் ஏழு மணிக்கெல்லாம்
மடிக்கணினி, சார்ஜர்,
கம்பளிக் காலுறை ஒரு ஜோடி கூடுதலாக,
பொஸ்னான் நகரத்தில் காசு கேட்காத நாற்காலி தேடி
இறங்குகிறேன்.
ஜனவரி.
என் மூச்சு எனக்கு முன்னே நடந்து போகிறது.

வேண்டியது கொஞ்சம்தான்:
ஒரு பிளக், கொஞ்சம் கதகதப்பு, கழிப்பறை,
மேசையைத் துடைக்கும் சாக்கில் வந்து
"வேறு ஏதாவது?" என்று யாரும் கேட்காமல் இருப்பது.
கடைசியில் சொன்னதுதான் கிடைப்பதில்லை.

நூலகம் திங்களும் புதனும் பன்னிரண்டுக்குத்தான் திறக்கும்.
ஜன்னலோர மேசை அங்கே
செய்தித்தாள் படிக்கும் ஒருவருக்குச் சொந்தம்.
பட்டா யாரும் கொடுக்கவில்லை,
ஆனாலும் அவர் தொப்பியை வைத்தால் வைத்ததுதான்.
ரயில் நிலையத்தில் காவலாளி டிக்கெட் கேட்டான்.
"எங்கே போகிறீர்கள்?"
"ஐந்து மணிக்கு வீட்டுக்கு."
பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில்
இரண்டு நாள் நன்றாகப் போனது.
மூன்றாம் நாள் ஒரு மாணவி, கண் கலங்கி,
மதிப்பெண்ணைத் திருத்தித் தரச் சொல்லி
என் முன்னால் வந்து நின்றாள்.

நானோ சலவை இயந்திரப் புகார்களுக்குப் பதில் எழுதுகிறவள்.
"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்."
ஒரு நாளைக்கு அறுபது முறை வருந்துவேன்.

பிறகுதான் மருத்துவமனை கண்ணில் பட்டது.
அறுவைச் சிகிச்சைப் பிரிவின் வெளிக்கூடம்.
காப்பி இயந்திரத்துக்குப் பின்னால் பிளக்.
கை வைக்க முடியாத சூட்டில் ரேடியேட்டர்.
அங்கே யாரும் யாரையும் எழுந்து போகச் சொல்வதில்லை.
எல்லோரும் ஒரே கதவைப்
பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
நான் திரையை.

புதன்கிழமை ஒருத்தி பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.
மடியில் துணிப்பை.
அதிலிருந்து ஓர் ஆணின் வீட்டுச்செருப்பு
நுனி நீட்டி எட்டிப் பார்த்தது.
"உள்ளே யார்?"
இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவேயில்லை.
"கணவர்" என்றேன்.
"எப்படி இருக்கிறார்?"
"தூங்குகிறார்."
பொய் இல்லை.
"இன்னும் கண் விழிக்கவில்லையா?"
"இரண்டு மணிக்கு மேல் விழிப்பார்."
அதுவும் பொய் இல்லை.
அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"விழிப்பார். கண்டிப்பாக விழிப்பார்."
திரையில் 4417ஆம் வாடிக்கையாளர்,
டிரம் சுழலும்போது
உள்ளே ஏதோ முட்டுகிறது என்று எழுதியிருந்தார்.

ரொட்டியை இரண்டாகப் பிய்த்து
பெரிய பாதியை எனக்கு நீட்டினாள்.
பன்றிக்கொழுப்பு, ஊறவைத்த வெள்ளரி.
தின்றேன். வேறென்ன செய்ய.
தின்றுகொண்டே ஐந்து பேருக்கு வருந்தினேன்.
அவள் பெயர் டானூட்டா.
கணவருக்குக் குடலில், என்றாள்.
குடலில் என்ன என்று சொல்லவில்லை.
கதவு திறந்து ஒரு பச்சைத் தொப்பி
அவள் பெயரைக் கூப்பிட்டது.
ஓடினாள்.
பை நாற்காலியிலேயே கிடந்தது.

பைக்குக் காவலாக இருந்தேன்.
ஐந்து மணி ஆயிற்று. வேலை முடிந்தது.
ஆறு.
சார்ஜ் நிறைந்து விளக்கு பச்சையாகி
வெகுநேரம் ஆகியிருந்தது.
கடைசியில் நர்ஸிடம் கொடுத்தேன்.
"நீங்கள் உறவா?"
"இல்லை. இங்கே வேலை பார்க்கிறேன்."
அவள் என் கழுத்தில்
அடையாள அட்டையைத் தேடினாள்.

வீட்டில் ஜெமோவித்
கட்டிலோரம் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தான்.
கோட்டைக்கூடக் கழற்றாமல் போய்
அவன் வயிற்றின் மேல் கையை வைத்தேன்.
"ஐயோ, என்ன சில்லிப்பு" என்று நெளிந்தான்.
எடுக்கவில்லை.

நாளை வியாழன்.
நூலகம் எட்டுக்கே திறந்துவிடும்.