மைனஸ் இரண்டு கிலோ

தார்த்துவில் பிப்ரவரி. எமயோகி ஆறு உறைந்து கிடந்தது.
நான் ஒரு வரியை அழித்தேன்.

எங்கள் மொழி சி மொழியோடு கைகுலுக்கும் கோப்பில்
ஒவ்வொரு பொருளின் தலையிலும்
மூன்றாவதாக எட்டு பைட். எதற்கும் பயன்படவில்லை.
பெயரில் எழுத்துப்பிழை வேறு.
பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஹெய்க்கி வைத்தது.
அவர் இப்போது தேனீ வளர்க்கிறார்,
மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதில்லை.

ஆயிரத்து நானூறு சோதனைகளும் பச்சை.
வாய் நிறையக் கம்பு ரொட்டியோடு
வெளியீட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

பத்தொன்பதாம் நாள்
ஃபாரோ தீவிலிருந்து, மீன் ஏலக்கூடத்துத் தராசைப் பார்க்கும்
ரன்வா எழுதினார்:
‘புதுப்பித்ததிலிருந்து எல்லாப் பெட்டியும்
மைனஸ் இரண்டு கிலோ.
மீன் நிறைந்தாலும் அதுதான், காலியானாலும் அதுதான்.
நானே ஏறி நின்று பார்த்தேன்.
மைனஸ் இரண்டு.’

சிரித்தேன்.
பிறகு எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன்.

அந்தத் தராசின் நீட்சியைத் தொகுத்தது யாரென்று
யாருக்கும் தெரியாது. மூலநிரல் எந்த வட்டிலும் இல்லை.
மிஞ்சிய இரும நிரலுக்குப் பெயர்கள் தெரியாது,
எண்ணத்தான் தெரியும்:
தலையிலிருந்து இருபத்து நான்கு பைட் தள்ளி எடை.
ஒருமுறை சொன்னோம். நம்பிவிட்டது.
நான் ஓர் அறையை இடித்தேன்,
தெருவே ஒரு வாசல் முன்னால் நகர்ந்தது.
அது வழக்கம்போல் எண்ணிப்போய்க் கதவைத் தட்டியது.
திறந்தது குளிரறையின் வெப்பநிலை.
‘எடையா?’ என்று கேட்கும் வழக்கம் அதற்கு இல்லை.

இடறி விழுந்திருந்தால்கூட நல்லது.
விழவில்லை. நிமிர்ந்து நின்று
தவறாகச் சொல்லிக்கொண்டே இருந்தது,
ஏலமும் நடந்துகொண்டிருந்தது.

அன்றிரவே எட்டு பைட்டையும் திருப்பி வைத்தேன்.
எழுத்துப்பிழையைத் தொடவில்லை:
எங்கோ எவரோ அந்தப் பிழையைச் சொல்லித்தான்
கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.
மேலே ஒரு குறிப்பு:
‘காலி இடம். அழிக்காதே. ரன்வாவைக் கேள்.’

காலையில் அவரிடமிருந்து ஒரே வரி:
‘நான் அறுபத்து மூன்று கிலோ. நன்றி.’

தேநீர் ஊற்றிக்கொண்டேன்.
கோப்பை வாய்க்கு வருவதற்குள் நினைவு வந்தது,
அந்தப் பத்தொன்பது நாளில்
என் புதிய கணக்கை நம்பித் தொகுத்தவர்கள்.

ப்ர்னோவிலிருந்து ஒருவர், ஓத்தகார்,
ஏற்கெனவே எழுதியிருந்தார்:
‘நேற்றுவரை சரியாக ஓடியது.’