ஒன்பதாவது கட்டம்

நியூஃபவுண்ட்லாந்துக்கு வடகிழக்கே
கரை மறைந்து பதினான்கு மணி நேரம்.
அசரையா பெல்லியின் படகில் நான் அரசாங்கத்தின் கண்.
ஆகவே எனக்குத் தேநீர் கடைசியில்.

டர்பட்டுக்குப் போட்ட தூண்டில் கயிறு
உருளையில் ஏறி வருகிறது, முள்ளுக்கு முள்.
டர்பட், டர்பட், வெறும் முள், டர்பட்,
பிறகு அது.

புள்ளி ஓநாய் மீன்.
பெயர் வைத்தவன் பயந்துபோய்த்தான் வைத்திருக்க வேண்டும்.
நண்டோட்டை அப்பளமாய் நொறுக்கும் பல்,
அவசரத்தில் பிசைந்து பாதியில் விட்ட முகம்.
அழகைப் பார்த்துக் காப்பாற்றுவதென்றால்
இதன் முறை வந்தே இராது.

ஆனால் ஒட்டாவாவில் யாரோ
இதன் பெயரை அட்டவணையில் ஏற்றிவிட்டார்கள்.
கொல்லக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, விற்கக் கூடாது.
பிடிபட்ட இடத்திலேயே
இயன்றவரை காயமின்றி விட்டுவிட வேண்டும்.

"இயன்றவரை," என்கிறார் அசரையா.
"அந்தச் சொல்லை எழுதியவன்
இதன் வாய்க்குள் விரல் விட்டதுண்டா?"
அவருக்கு இடக்கையில் நாலரை விரல்.
முன்பெல்லாம் படகின் விளிம்பில் ஒரே அடி,
வலை கிழித்த கணக்கு அங்கேயே தீர்ந்தது.

இன்று முள் தொண்டைக்குள். தங்கூசியை அறுக்கிறார்.
மீன் அசையவில்லை.

என் படிவத்தில் ஒன்பதாவது கட்டம்: நிலை.
உயிருடன். இறந்து.
இரண்டில் ஒன்றைச் சுழிக்க வேண்டும்,
நடுவில் இடமில்லை.
பென்சில் முனையில் பனி.

"பொறு," என்கிறார்.
எனக்கா, மீனுக்கா, தெரியவில்லை.
உருளையை நிறுத்திவிட்டு
கடல்நீர்க் குழாயை அதன் வாயில் பிடித்தபடி நிற்கிறார்,
மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவர் போல.
டீசல் எரிகிறது. கயிறு காத்திருக்கிறது.
அவர் மருமகன் செல்பி என்னை முறைக்கிறான்,
சட்டத்தை எழுதியவளே நான்தான் என்பதாக.

பிறகு ஒரு கடி.
அசரையாவின் ரப்பர் பூட்ஸ்.
அவர் சொன்ன வார்த்தைகளுக்கு
என் படிவத்தில் கட்டமில்லை.
காலை உதறி விடுவித்துக்கொண்டு
இரு கையிலும் வயிற்றைத் தாங்கி,
பழைய கடனை வட்டியோடு அடைப்பவர்போல்
முகத்தைப் பார்க்காமல்
நீரில் இறக்கினார்.

ஒரு முழம் வரை புள்ளிகள் தெரிந்தன.
சட்டத்துக்கும் அவ்வளவுதான் ஆழம்.
அதற்குக் கீழே, தொண்டையில் முள்ளோடு
அது போன இடத்துக்கு
எந்தப் படிவத்தின் நகலும் போவதில்லை.

'உயிருடன்' என்பதைச் சுழித்தேன்.
குறிப்புகள் என்ற இடத்தில் எழுதினேன்:
பூட்ஸ், ஒன்று. ஓட்டை, இரண்டு.
உருளை சுற்றியது. வெறும் முள்.