நாலு போல்ட்

வால்டிவியா பேருந்து நிலையத்தில்
சரக்கறைக் கதவைச் சணலால் அளந்தேன்.
ஒரு முழம், நாலு விரல்.
தூங்குகிற ஓட்டுநரின் செருப்பைத் தாண்டிப் போய்
இன்னொரு முறை அளந்தேன். அதே.

சக்கரம் கழற்றினால் சட்டம் போகும்.
பெடலை உள்பக்கம் திருகினால் அதுவும் போகும்.
நிற்பது ஹேண்டில்பார்.
மாட்டுக்கொம்பாய்ப் பின்னால் வளைந்தது,
நேராய் வைத்தாலும் இடிக்கும், திருப்பினாலும் முட்டும்.
யானை போன வாசலில் வால் சிக்கிய கதை
என் அறையில், ஒரு அட்டைப்பெட்டிக்குள்,
தினமும் நடந்தது.

சாந்தியாகோவில் ஒரு கடை. தொலைபேசியில் இனிமையான குரல்:
"மடங்குவது இருக்கிறது, இரண்டாய்ப் பிரிவதும் இருக்கிறது.
லேசான உலோகம். நடுவில் ஒரு பூட்டு."
இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் பெசோ.
சைக்கிளையே நாற்பதாயிரத்துக்குத்தான்
ஒரு பல்மருத்துவரின் கொட்டகையிலிருந்து வாங்கினேன்,
காற்றடிக்கும் பம்போடு சேர்த்து.
சுண்டைக்காய் கால் பணம் என்று தொடங்கும் கணக்கை
முடிக்காமல் போனை வைத்தேன்.

இரவு வேலை. சலவைக்கூடத்தில்
மருத்துவமனைப் போர்வைகள் மடிகின்றன
நாலாய், எட்டாய்.
வெறுப்பாக இருந்தது.

மழை விடாத செவ்வாய்க்கிழமை
படகுப் பட்டறையில் வெல்டிங் ஒசாண்டோனிடம் போனேன்.
நடுவில் அறுத்து, உள்ளே ஒரு குழாய் செருகி,
இரண்டு திருகு போட்டால்?
கொம்பைக் கையில் வாங்கி
நாணயத்தால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார்.
"எட்டாயிரம் கொடு, அறுத்துத் தருகிறேன்.
நானாயிருந்தால் ஏற மாட்டேன்."
கொஞ்சம் கழித்து,
"படகு பிளந்தால் நீந்தலாம், சென்யோரா.
இறக்கத்தில் கைப்பிடி பிளந்தால்
எதில் நீந்துவாய்?"
ஆற்றங்கரைக் கடற்சிங்கம் ஒன்று கொட்டாவி விட்டது.
கொம்பு முழுசாய் வீடு திரும்பியது.

ஞாயிறு, பழம்பொருள் சந்தை.
மில்லராய் அந்தினாவோவின் விரிப்பில்
தலையில்லாத பொம்மை, மூன்று இஸ்திரிப்பெட்டி,
துரு பூத்த ஒரு ஸ்டெம்.
"முகத்தைப் பார்" என்றாள்.
பார்த்தேன். முகம் தனியாய்க் கழன்றது.
நாலு போல்ட், ஒரு மூடி.
என் பழைய ஸ்டெம்முக்கு முகமே கிடையாது. வெறும் துளை.
பிரேக், மணி, ரப்பர்பிடி எல்லாம் உரித்தால்தான்
கொம்பு அதிலிருந்து வெளியே வரும்.
இதில் மூடியை எடுத்தால் போதும்,
ஒயரும் மணியுமாய் அப்படியே கையில் இறங்கும்.
தண்டின் பருமனைச் சணலால் அளந்தேன். அதே.
மூவாயிரம் சொன்னாள்.
இரண்டாயிரத்துக்கும் இரண்டு பன்னுக்கும் முடிந்தது.
கொம்புதான் பிரிய வேண்டும் என்று
மூன்று மாதம் தேடியிருக்கிறேன் மில்லராய்,
பிடித்திருப்பது விட்டால் போதுமென்று—
அதற்குள் அவள் வேறொருவரிடம்
பொம்மையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஒயர் மட்டும் ஒரு சாண் நீளமாய்ப் புதிது போட்டேன்.
சட்டத்தோடு ஒட்டிப் படுத்தது கொம்பு.
பெட்டி மூடியது. திறந்து, மறுபடி மூடினேன்,
அந்தச் சத்தத்துக்காக.

அன்குத் போகும் பேருந்து. உதவியாளர் பெலார்மினோ
தலை நிமிரவில்லை. "பெட்டியா? ஐயாயிரம்."
"அளவு சரியாக..."
"அளவை யார் கேட்டது? ஐயாயிரம்."
கொடுத்தேன்.
சக்காவோ கால்வாயில் பேருந்தைப் படகு சுமக்க
அதன் வயிற்றில் என் வண்டி.
எல்லாரும் காப்பிக்கு இறங்கினார்கள்.
நான் இறங்கவில்லை.

விடியாத அன்குத். பாதி விளக்கு எரியவில்லை.
தடவித் தடவி முறுக்கினேன்
மேல் இடது, கீழ் வலது, மேல் வலது, கீழ் இடது.
வெளிச்சம் வந்தபின்தான் தெரிந்தது:
கொம்பு நடுவில் இல்லை,
இடப்பக்கம் ஒரு விரல் கூடுதல்.
சரிசெய்யலாம். சாவி பையின் அடியில் கிடந்தது.

தெற்கே கெல்யோன் வரை ஆறு நாள்
இடக்கை கொஞ்சம் எட்டியே இருந்தது.
அந்தப் பக்கம்தான் உள்கடல்.