இடது பட்டை

வழக்கறிஞர் தாளில் இப்படித்தான் எழுதினார்:
எட்டுச் சக்கர வண்டி இருவருக்கும் பொது.
இடப்பக்கப் பட்டை எனக்கு,
வலப்பக்கப் பட்டை லியாண்டருக்கு.
பாவம், நகரத்துக்காரர்.
ஒற்றைப் பட்டையோடு ஓட்டினால்
வண்டி செக்குமாடு ஆகிவிடும் என்று
யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

வீடு எனக்கு வந்தது. மீன்படகு அவனுக்கு.
நாய் இருவரையும் பார்த்துவிட்டு
பக்கத்து வீட்டு ஹெட்லியிடம் போய்ப் படுத்துக்கொண்டது.

நியூஃபவுண்ட்லாந்தின் இந்த ஓரத்தில்
சாலை முடிந்தால் சதுப்பு, சதுப்பு முடிந்தால் குளம்.
மூஸ் வேட்டைக்கு இந்த வருடச் சீட்டு
என் பெயருக்கு விழுந்திருந்தது.
அக்டோபர் இரண்டாம் சனி அவன் வந்தான்,
பிக்கப்பில் சுருட்டிய பாய் மாதிரி வலது பட்டை,
ஓரத்தில் சிவப்புப் பெயின்ட்.
நீலம் தீற்றிய என்னுடையதைக்
கொட்டகையிலிருந்து உருட்டி வந்தேன்.
'சங்கிலிக்கு எண்ணெய் போட்டாயா?'
'போட்டேன்.'
மே மாதத்துக்குப் பிறகு நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

முதலில் காற்றை இறக்கினோம்.
ஆளுக்கு நான்கு டயர்.
இரண்டு பட்டையையும் சரளைமேல் நேராக விரித்து
வண்டியை அதன்மேல் ஏற்ற வேண்டும், ஊர்ந்து ஊர்ந்து.
ஒருவர் ஓட்ட, ஒருவர் முன்னால் நின்று கைகாட்ட.
தனியாக முடியாது என்றில்லை.
ஹெட்லி தனியாகத்தான் செய்கிறான்,
அவனுக்கு ஒரு கட்டைவிரலில் நகம் இல்லை.

கைகாட்டுவது நான்.
கொஞ்சம் இடப்பக்கம். இன்னும். நில்.
பதினேழு வருடக் கல்யாணத்தில்
நான் காட்டிய பக்கம் அவன் திரும்பியது
இந்த ஒரு வேலையில்தான்.

முனையைத் தூக்கி டயர்களுக்கு மேலாக இழுத்து
வார் மாட்டி நெருக்கி, நெருக்கி,
இரு முனையின் ஓட்டைகளும் ஒரே கோட்டில் வரும்போது
கம்பியைச் செருக வேண்டும்.
வராது.
அவன் பட்டையை ஏசினான்.
நான் அவனை ஏசினேன்.
சுத்தியலால் ஒரு தட்டு, பிறகு
'ளக்' என்று ஒரு சத்தம்.
அதற்காகவே வருகிறோமோ என்று சிலசமயம் தோன்றும்.

காற்றேற்றியதும் டயர் புடைத்துப் பட்டை விறைத்தது.
தொளதொளத்தால் திருப்பத்தில் கழன்றுபோகும்,
அதிகம் இறுகினால் பேரிங் அழும்.
இரண்டு விரல் இடைவெளி என்பது கணக்கு.
யார் விரல் என்பதில் கொஞ்சம் தகராறு.

சதுப்பில், மனிதன் முழங்கால்வரை போகும் இடத்தில்,
வண்டி பாசியை அமுக்கிக்கொண்டு மிதந்தது.
பின்னால் ஏணிப்படிகளாய் ஒரு தடம்,
படிக்குப் படி நீர் ஊறியது.
குளத்தில் இறங்கினோம்.
பட்டைகள் துடுப்பாகி நீரை வாரின.
வெறும் டயர் என்றால் குளித்துக் கரையேற மதியமாகும்.

நடுக்குளத்தில் என் காலுறை நனைந்தது.

அடைப்பான்!
வண்டியின் அடியிலுள்ள துளைக்கு
ஒரு திருகு அடைப்பான். கோடையில் கழற்றி வைப்போம்.
யார் திரும்பப் போடுவது என்று தாளில் இல்லை.
பம்ப் இரண்டு தரம் இருமிவிட்டு ஓய்ந்தது.
தேநீர்க் கெட்டிலால் இறைத்தேன்.
'என் தப்பு' என்றான் லியாண்டர்.
'நான் பார்த்திருக்கணும், வெர்னா.'

அந்த வார்த்தைக்காக நான்
வழக்கறிஞருக்கு இரண்டாயிரம் டாலர் கட்டியிருக்கிறேன்.
கோட்டுப் பையில் கைவிட்டேன்.
பித்தளை, சில்லென்று, என் விரலுக்கு அகப்பட்டது.
இறைத்துக்கொண்டே இருந்தேன்.

அக்கரையில் நீரெல்லாம் வடிந்த பிறகு
அவன் ஸ்ப்ரூஸ் மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கியபோது
மல்லாந்து படுத்து அதைத் திருகினேன்.

மூஸ் ஒன்றும் தட்டுப்படவில்லை.
திரும்பும்போது தண்ணீர் ஏறவில்லை.
அவன் தரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
கேட்கவில்லை.

சரளையில் ஓட்டினால் பட்டை தேயும்.
கழற்றுவது சுலபம், ஐந்து நிமிடம்,
இருட்டிலும் செய்யலாம்.
அவன் ஒன்றைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தால்
கிடப்பது சிவப்பு.
இன்று செவ்வாய்.
இன்னும் யாரும் போன் செய்யவில்லை.