நாற்பத்தொன்றாம் கலவை

சாஸ்கடூனில் மைனஸ் முப்பத்தெட்டு.
கார்களையும் சுவரில் மின்வடம் செருகித்தான்
தூங்கவைக்கிறார்கள் இங்கே.
அடித்தளத்தில் எங்கள் உலை மட்டும்
ஆயிரத்து ஐந்நூறில் வியர்க்கிறது.

வெள்ளை விளக்கு என்று ஒன்று கிடையாது.
உள்ளே இருப்பது நீலம், சுருக்கென்று தைக்கும் நீலம்.
அதன்மேல் மஞ்சள் பொடிப் பூச்சு.
கொஞ்சம் நீலம் தப்பி ஓடும்,
மிச்சம் பொடியில் விழுந்து மஞ்சளாய் எழும்.
இரண்டையும் கூட்டி வெள்ளை என்று
கணக்கு எழுதுவது கண்.
அந்தப் பொய்யை இன்னும் ஒழுங்காகச் சொல்லத்தான்
எனக்குச் சம்பளம்.

இட்ரியம், அலுமினியம்,
நூற்றுக்கு ஒன்று சீரியம்.
உப்பு மாதிரி.
கூடினால் வெளிச்சம் தன்னையே தின்னும்;
குறைந்தால் நீலம் கேட்பாரற்றுப் போகும்.
மணி ஒன்று எண்பது நானோமீட்டர்.
சூடு ஒரு பிடி ஏறினால்
அடிப்பிடித்த பருப்பாய் ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும்.

நல்ல பொடிக்கு ஞாபகம் கூடாது.
வாங்கிய ஒளியை
எழுபது நானோநொடிக்குள்,
வட்டி ஏறுமுன்,
திருப்பிக் கட்டிவிட வேண்டும்.

நாற்பத்தொன்றில் கேலியம் சேர்த்தேன்.
எனக்கு முன் யாரோ அந்த உலையில் குரோமியம் சுட்டிருக்க வேண்டும்;
கழுவாத சட்டியில் பால் காய்ச்சிய கதை.
பச்சை பாய்ந்து மங்கியிருந்தது.
லிண்ட்க்விஸ்ட் அளவுகளைப் பார்த்தார்,
"தேறாது" என்றார்,
சாண்ட்விச்சின் மறுபாதிக்குத் திரும்பினார்.

இரவு பதினொன்றே முக்காலுக்கு மின்சாரம் போனது.
விசிறி நின்றபோதுதான்
அது இத்தனை நாள் ஓடியது காதில் விழுந்தது.
ஹலினா உக்ரைன் மொழியில் எதையோ திட்டத் தொடங்கி
பாதியில் விட்டாள்.

மேசைமேல் ஏழு குப்பிகள்
பச்சையாய் விழித்திருந்தன.
பகலெல்லாம் வாங்கிய வெளிச்சத்தைப் பதுக்கி வைத்த திருட்டுப்பயல்கள்
இப்போது சில்லறை சில்லறையாய்
எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தன.

அந்த வெளிச்சத்தில்தான் ஹலினா
வலக்கை உறையைக் கண்டெடுத்தாள்.
நான் உலையின் பழைய முள்மானியில் முகம் வைத்துப் படித்தேன்:
ஆயிரத்து நூற்று நாற்பது. நூற்று இருபது.
பதின்மூன்று மணி நேரச் சூடு
கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது.
"இதற்கு ஏதாவது பரிசு கொடு."
"விளக்குக்கு ஆகாதே, ஹலினா."
"விளக்கா? எங்கே, காட்டு."

நாற்பது நிமிடம் கழித்து எல்லாம் எரிந்தன.
கூரை முழுக்க வெள்ளை.
குப்பிகளில் வெறும் மாவு.

பதிவேட்டில் எழுதினேன்:
கலவை 41. தேறவில்லை.
காரணம், ஒளியை விட மாட்டேன் என்கிறது.

விதிக்கு மாறாக ஒரு குப்பி
கோட்டுப் பையில் வந்தது.
பேருந்து நிறுத்தத்தில் எடுத்துப் பார்த்தேன்.
தெருவிளக்கு எங்கள் சாதிதான்,
பனியெல்லாம் நீலம்.
உறை மாட்டிய கையில் குப்பி
அதையும் கொஞ்சம் வாங்கிக்கொண்டிருந்தது.
பேருந்து வரவில்லை.