வெட்டு விளிம்பு

ஹாலிஃபாக்ஸில் ஜன்னல் துடைக்கிறவன் நான்.
பகலெல்லாம் ஏணி, வாளி, ரப்பர்ப் பட்டை.
ஊரார் அழுக்கை வழித்துக் கீழே விட்டுவிட்டு
இரவில் சமையலறை மேசைக்கு வந்து
கட்டைவிரல் நகம் அகலமே உள்ள ஜன்னல்களுக்கு
அழுக்குப் பூசுகிறேன்.
இதைச் சொல்லிச் சிரிக்க ஓர் ஆள் கிடைத்தால் போதும்
நோரீனுக்கு.

இந்தக் குளிர்காலத்துக்கு ஒரு ஸ்டேஷன்,
ஒரு சரக்குக் கொட்டகை,
முதுகோடு முதுகு ஒட்டிய ஆறு வீடுகள்.
எல்லாம் அட்டை. எழுபத்தாறில் ஒரு பங்கு.
அச்சிட்டவன் கல்லுக்கு
வெந்தய நிறம் கொடுத்திருக்கிறான்,
நேற்றுத்தான் மலையிலிருந்து வெட்டி இறக்கியதைப் போல.
"நம் ரயில் ஓடுவது ஐம்பத்தெட்டில்" என்றார்
கிளப் செயலாளர் பாராக்ளஃப்.
"அன்றைக்கு இந்த ஊரில்
புறா தவிர எல்லாம் கறுப்பு."
கொஞ்சம் யோசித்து,
"புறாவும்தான்" என்றார்.

சாயத்தில் தூரிகையை முக்கு.
பழைய பனியனில் துடை.
இன்னும் துடை.
இனி ஒன்றுமே இல்லை என்று ஆன பிறகு
எது மிச்சமோ
அதை மட்டும் கல்லின் மேல் தடவு.
இவ்வளவுதான் வித்தை.
தண்ணீர் ஒரு சொட்டுக் கூடினால்
அட்டை கோபித்துக்கொண்டு முதுகை வளைக்கும்.
வாளி வாளியாக இறைக்கிற கை
இங்கே ஒரு சொட்டுக்கு நடுங்குகிறது.
கொட்டகையின் மேற்குச் சுவர் அப்படிப் போனதுதான்;
மாவு டப்பாவை மூன்று நாள் தூக்கி வைத்தும்
நிமிரவில்லை.
அதன் முன்னால் ஒரு நிலக்கரி வேகனை நிறுத்திவிட்டேன்.

உட்பக்கம் முழுக்கக் கறுப்படிக்க வேண்டும்.
மறந்தால், பல்பு போட்டதும்
சுவரே வெளிச்சமாகிவிடும், பொம்மை விளக்குபோல.
ஜன்னல் மட்டும் எரிய வேண்டுமென்றால்
வீட்டுக்குள் அத்தனை இருட்டுத் தேவைப்படுகிறது.
இதை நோரீனிடம் சொன்னேன்.
"எந்த வீட்டைச் சொல்கிறாய்?" என்றாள்.

ஆனால் உயிர் போவது விளிம்பில்தான்.
கத்தி போன இடமெல்லாம் வெள்ளை.
மூலை, கூரை நுனி, புகைபோக்கியின் உதடு.
வெளுத்ததெல்லாம் பால் இல்லை,
இங்கே வெளுத்ததெல்லாம் அட்டை.
ஒரு மயிரிழை தெரிந்தாலும்
ஊரே குட்டு உடைந்து நிற்கும்.
அதற்கென்று ஒரு பழுப்புப் பென்சில்,
நூற்று முப்பது விளிம்புகள்,
பிப்ரவரி முழுக்க.

சனிக்கிழமை, பிரிக்ஹவுஸ் தேவாலயக் கூடத்தில் கண்காட்சி.
குனிந்து குனிந்து பார்க்கிறார்கள்.
ஒருவர், சிக்னல் கம்பம் நான்கு வருடம் முந்தி முளைத்துவிட்டது என்கிறார்.
நான் அதைக் கேட்கவில்லை.
நாலாவது வீட்டுப் புகைபோக்கியில்
ஒரு வெள்ளைக் கோடு.
ஹால் முழுக்க அது ஒன்றுதான் இருக்கிறது எனக்கு.
பென்சில் வேறு கோட்டில்.
காகிதக் கோப்பையில் ஆறிப்போன தேநீர்.
இரண்டரை மணி வண்டி வளைவில் மறைந்ததும்
விரலை நனைத்து, தொட்டு, எடுத்தேன்.
அட்டை லேசாக உப்பியது.
ஒரு பழுப்புக் கோடு வழிந்து
கூரை ஓடு வரை இறங்கி நின்றது.

பாராக்ளஃப் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு
வெகுநேரம் அதையே பார்த்தார்.
"மழைத் தடம்" என்றார் கடைசியில்.
"இதை எப்படிக் கொண்டுவந்தாய்?"
பொறுமையாக, என்றேன்.

திங்கட்கிழமை வங்கிக் கட்டடம்.
மூன்றாவது மாடி.
புகைக்கரியை எப்போதோ கழுவிவிட்ட கல்.
வெயில் பக்கவாட்டில் விழ
சுவர் திரும்புகிற மூலையில்
மேலிருந்து கீழ்வரை
ஒரு நீள வெள்ளைக் கோடு.
யாரோ கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

இந்தக் கோட்டில் பென்சில் இருந்தது.
கை அதற்குள் போயும்விட்டது.
"என்ன தேடுகிறாய் அங்கே?"
ஏணியைப் பிடித்தபடி கீழேயிருந்து
கத்துகிறான் மைத்துனன் க்ளைவ்.
"ஏற்கெனவே மணி பத்தரை!"