சும்மா கிடக்கையில்

சித்திரை பிறந்த மறுநாள் தடை விழுந்தது.
அறுபத்தொரு நாள்.
மண்டபம் வடகரையில் விசைப்படகுகள்
தோளோடு தோள் உரசிக் கிடந்தன.
எஞ்சின் டிரைவர் எனக்கு எஞ்சின் இல்லை.

மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனியை
வாடகைக்கு எடுத்திருந்தான் ஹிதாயத்துல்லா.
ஷார்ஜாவில் ஏழு வருஷம்
பணக்காரத் தொப்பைகளை விரட்டியவன்.
இங்கே அவனிடம் இருந்ததெல்லாம்
லாரி டயர், மணல் நிரப்பிய மீன்கூடை,
இழுவலைக் கயிறு, துருப்பிடித்த இரண்டு நங்கூரம்.
இருபது நிமிஷம்தான் என்றான்.
முப்பது மணி நேரம் கடலில் விழித்திருக்கிறவனிடம்
இருபது நிமிஷமா என்று சிரித்தேன்.

ஏழாவது நிமிஷத்தில்
சுவரோரம் குனிந்து
காலையில் குடித்த டீயைத் திருப்பிக் கொடுத்தேன்.
நம்புராஜன் டயர்மேல் கவிழ்ந்தவன்
எழவே இல்லை, செத்தாலும் இங்கேதான் என்றான்.

காரைக்குடியிலிருந்து சுகிர்தா வந்திருந்தாள்,
ஆராய்ச்சிக்காரி,
ஒரு தராசும் குழாய் வைத்த முகமூடியுமாக.
வெறுங்காலோடு ஏறி நின்றால்
பாதம் வழியே கரண்ட் புகுந்து
உடம்பை ரகம் பிரிக்குமாம்,
ஏலத்துக்கு முன்னால் நாங்கள் பிரிப்பதுபோல.
என் எழுபத்தெட்டு கிலோவில்
இருபத்துமூன்று கிலோ சங்காயம்.

முகமூடிக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டும்.
விடியுமுன் பெஞ்சில் மல்லாத்தினாள்.
"தூங்கக் கூடாது, அசையக் கூடாது,
எதையும் யோசிக்காதீங்கண்ணே."
முதல் இரண்டையும் செய்தேன்.
மூன்றாவதன் இடத்தில்
சங்கத்துக் கடன் வந்து உட்கார்ந்தது.
கடனை நினைக்க எவ்வளவு எரிகிறதென்று
அந்தப் பெட்டி தனியாகக் காட்டவில்லை.

எட்டு வாரம்.
டயரைப் புரட்டினேன், கயிற்றை அலையாக்கினேன்,
நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
நிறுத்தி வைக்கப் பிறந்த ஒன்றோடு
ஓடுவது வேடிக்கையாகத்தான் இருந்தது.

கடைசி நாளிலும் தராசு
எழுபத்தெட்டு என்றது.
மெடில்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்:
"ரெண்டு மாசம் டயரோட மல்லுக்கட்டி
ஒரு கிராம்கூட இறங்கலையா?"
சுகிர்தா தாளைத் திருப்பிக் காட்டினாள்.
மூன்று கிலோ கொழுப்பு போன இடத்தில்
மூன்று கிலோ தசை குடிவந்திருந்தது.
"அதுமட்டுமில்ல,
சும்மா படுத்திருக்கையில உங்க உடம்பு
நாப்பத்தோரு கலோரி கூடுதலா எரிக்குது!"
அவள் முகம் மலர
எனக்கு விழுந்தது.
என் தொழிலில்
நின்ற இடத்தில் அதிகம் குடிக்கிற எஞ்சினைப்
பிரித்துப் போட்டுவிடுவோம்.
நாசில் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் பம்ப்.

"நாப்பத்தொண்ணுன்னா எவ்வளவும்மா?"
"அரை வாழைப்பழம்.
மெஷினோட பிழையாக்கூட இருக்கலாம்."
பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

மெடில்டா அந்தக் கணக்கை
வீடுவரைக்கும் சுமந்து வந்தாள்.
நிவாரணப் பணம் பேங்கில் இன்னும் ஏறவில்லை.
"தடைக்காலத்துலயா இந்த உடம்புக்குத் தீனி கூடணும்?
போட்டைப் பாரு, சும்மா கிடக்குது,
ஏதாச்சும் கேக்குதா?"

கேட்கிறது என்றேன்.
பெயிண்ட் கேட்கிறது. அடியில் ஒட்டிய சிப்பியைச்
சுரண்டச் சொல்கிறது. ராக்காவலுக்கு ஆள் கேட்கிறது.
வட்டி, ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்திலும்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ராத்திரி என் தட்டோரம்
அரை வாழைப்பழம் இருந்தது.
மற்றப் பாதியைத் தின்றபடி
அடுத்த வருஷம் நானும் வரவா அந்த ஐஸ் கம்பெனிக்கு
என்றாள்.

வைகாசி முடிந்த இரவு
கச்சான் அடித்துக்கொண்டிருந்தது.
டோக்கன் வரத் தாமதம்.
எஞ்சினை ஓடவிட்டுவிட்டு
மேல்தளத்தில் கிடந்தேன்.
முதுகுக்குக் கீழே அது,
விலா எலும்புக்குள் இது,
எங்கும் போகாமல் எரிந்துகொண்டிருந்தோம்.

"டீசல் வீணாப் போகுது, அணையேன்டா"
என்று கத்தினான் நம்புராஜன்.

இரண்டில் ஒன்றை அணைத்தேன்.